வண்டு திரும்பி வந்த வளவு

மாளிகாவத்தை தொடர்மாடிக் குடியிருப்பில் மாதம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் பெண்கள் கூடுவது வழக்கம். தையல் வேலைக்குப் போகும் முஸ்லிம் சகோதரிகள், வீட்டு வேலைக்குப் போகும் மலையகத்து அக்காமார், யுத்தத்தினால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட வன்னிப் பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். கடன், பிள்ளைகளின் படிப்பு, கணவன்மாரின் குடி என்பவைதான் பெரும்பாலும் பேசப்படும். ஆனால் ஒரு நாள் ஒரு அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை.

"மிஸ், எங்கட வளவுக்கு மேல ஆரோ ட்ரோன் விடுறாங்கள். அம்மா கிணத்தடிக்குப் போகப் பயப்படுறா. இதை ஆரிட்டச் சொல்லுறது?"

அந்த அக்காவின் சொந்த இடம் புதுக்குடியிருப்புப் பக்கம். தாயும் பதினான்கு வயது மகளும் ஊரில் இருக்கிறார்கள். இவர் கொழும்பில் உழைத்து அனுப்புகிறார். மீள்குடியேறிய பின்னர் கட்டிய சிறிய வீடு, ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றிக் கிடுகு மறைப்பு. மூன்று நாட்களாக மாலை ஐந்து மணியளவில் ஒரு ட்ரோன் வந்து, வளவுக்கு மேலே நின்று நின்று போயிருக்கிறது. மகள் குளித்துக்கொண்டிருந்த நேரமும் அது வந்திருக்கிறது.

கிடுகு வேலி நான்கு பக்கத்துப் பார்வையையும் மறைக்கும். மேலிருந்து பார்க்கும் கண்ணை அது எப்படி மறைக்கும்?

சத்தம் ஒன்று, நினைவு வேறு

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு 'வண்டு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இஸ்ரேல் தயாரிப்பான ஆளில்லா உளவு விமானங்களை விமானப்படை பயன்படுத்திய காலத்தில், அவற்றின் இரைச்சலை வைத்து மக்கள் இட்ட பெயர் அது. வண்டு சுற்றினால் பின்னால் கிபிரோ ஷெல்லோ வரும் என்பது அவர்கள் அனுபவத்தில் கற்ற பாடம். சமையலை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் இறங்குவார்கள்.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் உடம்பு அந்தச் சத்தத்தை மறப்பதில்லை. அக்காவின் தாய் முதல் நாள் ட்ரோனின் சத்தம் கேட்டதும் பேத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாமரத்தின் கீழ் குந்தியிருந்தாராம். "பிள்ளை, வண்டு சுத்துது, அசையாத" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுமிக்கு வண்டு என்றால் என்னவென்றே தெரியாது. அம்மம்மாவின் கை நடுங்கியது மட்டும் தெரிந்திருக்கிறது.

இதனை நாங்கள் மாளிகாவத்தையிலும் கண்டிருக்கிறோம். 2020 நவம்பரில் கொரோனாவினால் கொழும்பின் பல பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டிருந்தபோது, பொலிஸார் விமானப்படையின் உதவியுடன் ட்ரோன்களைப் பறக்கவிட்டு, வீட்டை விட்டு வெளியேறியவர்களைக் கண்டுபிடித்துக் கைது செய்தார்கள். எங்கள் குழுவில் உள்ள இன்னொரு அக்கா அக்காலத்தில் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடுவதையே விட்டுவிட்டார். "தெரியும் மிஸ், இது குண்டு போடாது எண்டு. ஆனா கால் ஓடுது" என்றார். இது கோழைத்தனமல்ல. உயிரைக் காப்பாற்றிய ஒரு பழக்கம், தேவை முடிந்த பின்னரும் உடம்பில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது

அக்காவின் தம்பி மகன் கெட்டப்போலால் ட்ரோனை அடித்து விழுத்தப்போவதாக நின்றான். வேண்டாம் என்று தொலைபேசியில் தடுத்தேன். அடித்து உடைத்தால், பிறருடைய சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு எங்கள் பக்கமே திரும்பும். விழுகின்ற ட்ரோன் ஆட்களையும் காயப்படுத்தும், அதன் பற்றரி தீப்பற்றவும் கூடும்.

அதற்குப் பதிலாக அந்தச் சிறுமியிடம் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். திகதி, வந்த நேரம், எத்தனை நிமிடம் நின்றது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தத் திசைக்குத் திரும்பியது. முடிந்தால் தொலைபேசியில் ஒரு படம். சிறிய ட்ரோன் நீண்ட நேரம் பறக்காது; பற்றரி முடிவதற்குள் விட்டவரிடமே திரும்ப வேண்டும். எனவே திரும்பும் திசையில் தேடினால் ஆள் கிடைப்பார்.

ஐந்தாம் நாள் அவ்வாறே நடந்தது. இரண்டு காணிக்கு அப்பால் இளைஞர்கள் இருவர் நின்றிருக்கிறார்கள். விற்பனைக்கு வந்த ஒரு காணியை வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காட்டுவதற்காகப் படம் பிடித்தார்களாம். அயலில் இருந்த கிணற்றடியும் அதில் விழுந்திருக்கிறது.

அக்கா விடுமுறை எடுத்து வந்தார், நானும் கூடப் போனேன். பொலிஸ் நிலையத்தில் முதலில், "ஆகாயத்தில் போவதற்கு நாங்கள் என்ன செய்வது?" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கொப்பியைக் காட்டி, பெண்கள் சிறுவர் பிரிவில் முறைப்பாட்டைப் பதியுமாறு உறுதியாகக் கேட்டோம். பதிந்தார்கள். இளைஞர்கள் அழைக்கப்பட்டு, கிராம அலுவலர் முன்னிலையில் படங்கள் அழிக்கப்பட்டன. அறிவிக்காமல் இனிமேல் பறக்கவிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் தாயிடம், "அம்மா, உங்களுக்கு இப்பிடி இருக்கும் எண்டு நாங்கள் யோசிக்கேல்லை" என்றார். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் யுத்தத்தின் கடைசிக் காலத்தில் கைக்குழந்தையாக இருந்திருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் ட்ரோன்கள் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமான சேவைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அவற்றை முற்றாகத் தடைசெய்தது. பின்னர் தடை தளர்த்தப்பட்டது. ஆனால் எவரும் எங்கும் விடலாம் என்பது அதன் பொருளல்ல. மிகச் சிறிய விளையாட்டுப் பொருட்களைத் தவிர ஏனையவை அதிகாரசபையில் பதிவு செய்யப்பட வேண்டும். எனவே "பதிவு இருக்கிறதா, அனுமதி இருக்கிறதா?" என்று பொலிஸாரைக் கொண்டு கேட்பிக்க உங்களுக்கு முழு நியாயமும் உண்டு.

இந்தியாவில் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அது தனி உரிமையாக எழுதப்படவில்லை. இது ஒரு குறை. பெண்கள் அமைப்புகள் பேச வேண்டிய குறையும்கூட.

நிலத்துக்கு மேலுள்ள வெளி யாருக்குச் சொந்தம் என்பது பழைய கேள்வி. அமெரிக்காவில் கோஸ்பி என்ற விவசாயியின் கோழிப் பண்ணைக்கு மேலாக இராணுவ விமானங்கள் 83 அடி உயரம் வரை தாழப் பறந்தன. சத்தத்துக்குப் பயந்து சுமார் 150 கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஒருவர் தமது நிலத்தைப் பயன்படுத்தத் தேவையான அளவு மேல்வெளியும் அவருக்கு உரியது என்று 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறி, நட்டஈடு பெறும் உரிமையை ஏற்றுக்கொண்டது. கோழிகளின் பயத்துக்கே நீதிமன்றம் செவிசாய்த்திருக்கிறது. எங்கள் தாய்மாரின் பயம் அதனிலும் குறைந்ததா?

சகோதரிகளே, நினைவில் வைத்திருங்கள்

உங்கள் வளவுக்கு மேல் ட்ரோன் வந்தால் கல்லெறிய வேண்டாம். திகதி, நேரம், திசை ஆகியவற்றை எழுதுங்கள், அயலவர் ஒருவரையும் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். நில அளவைக்கோ வயலுக்கு மருந்து தெளிக்கவோ வந்ததாகவும் இருக்கலாம். அப்படியில்லையென்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். தமிழில் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளாமல் வெளியேறாதீர்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ட்ரோன் அரச படையினருடையது என்று தெரிந்தால், அது உங்கள் உரிமையை மீறுவதாக நீங்கள் கருதினால், மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழையுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவுடன் போவதற்கு ஒரு மாதம்தான் தவணை என்பதால் தாமதிக்க வேண்டாம்.

இன்னுமொன்று. சத்தம் கேட்டு நடுங்குபவரை, "இது சும்மா விளையாட்டுச் சாமான்" என்று சொல்லிச் சிரிக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். நித்திரையும் சாப்பாடும் குழம்பினால் அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

சென்ற கூட்டத்தில் அக்காவிடம் தாயைப் பற்றி விசாரித்தேன். ட்ரோன் பிறகு வரவில்லையாம். மகள் பழையபடி கிணற்றில் குளிக்கிறாள். தாய் மட்டும், பேத்தி குளித்து முடியும் வரை கிணற்றடியில் ஒரு கதிரையைப் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாராம்.

"விடுங்கோ மிஸ், இருக்கட்டும். முந்தி வண்டு வந்தா பங்கருக்குள்ள ஓடினவா. இப்ப கதிரையில இருந்து பாக்கிறா" என்றார் அக்கா.