தோட்டத்துப் பிள்ளையும் புதிய வகுப்பறையும்

பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் மாதத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் மாறியபோது, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்த லயன் வீடுகளும், சிக்னல் தேடி மேட்டில் ஏறிய மாணவரும், டேட்டா போடப் பணமின்றிப் பாடத்தையே கைவிட்டவர்களும் இருந்தமையை நாம் மறத்தற்கில்லை. இப்பொழுது திறன்பலகையும் செயற்கை நுண்ணறிவும் வகுப்பறைக்குள் பிரவேசிக்கின்றன. அவை நம் பிள்ளைகளை உயர்த்துமா, பழைய ஏற்றத்தாழ்வையே நிலைநிறுத்துமா என்பது பெற்றோரின் விழிப்பைப் பொறுத்தது.

நன்மை உண்டு என்பதில் சந்தேகமில்லை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழ்மொழி ஆசிரியர் கிடைப்பது அரிதாயுள்ள சப்ரகமுவவில், அட்டனிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு நல்லாசிரியர் நடத்தும் பாடத்தை இறக்குவானைப் பிள்ளை திரையில் கண்டு கற்பது பெரும் பாக்கியமே. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆயினும் அபாயங்களும் உள. திரை வந்துவிட்டதென்று ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பாது விடுதல் முதலாவது. பெரும்பாலும் ஆங்கில எழுத்தாக்கங்களிலிருந்து பயின்ற இயந்திரம், தமிழில் கேட்ட வினாவுக்குப் பிழையான விடையையும் ஐயமின்றிக் கூறுதல் இரண்டாவது. கட்டுரையையும் கணக்கையும் இயந்திரமே செய்துகொடுக்க, பிள்ளையின் சிந்தனாசக்தி குன்றுதல் மூன்றாவது. பெயர், படம், குரல் ஆகியவற்றைச் செயலிகள் சேகரித்தல் நான்காவது. விடையும் கட்டுரையும் ஆக்கித்தரும் இத்தகைய செயற்கை நுண்ணறிவை வகுப்பறையில் உபயோகிப்பதற்குக் குறைந்த வயதெல்லையாக 13 ஐ யுனெஸ்கோ 2023 இல் பரிந்துரைத்ததை இங்கு நினைவிற்கொள்க.

சட்டம் நமக்குத் துணைநிற்கிறது. மொழியின் பேரால் எப்பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை விதிக்கின்றது; ஆதலால் கருவிகளும் பயிற்சியும் தமிழிலும் வேண்டுமெனக் கேட்பது சலுகைக் கோரிக்கையாகாது. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்ற 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவரின் தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியனவாக வகுத்துள்ளது.

பரிகாரமும் எட்டாததன்று. உங்கள் பாடசாலைக்கு எத்தனை கணினிகள் ஒதுக்கப்பட்டன, எத்தனை இயங்குகின்றன, எப்பாடங்களுக்கு ஆசிரியர் இல்லை என்பவற்றை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தெஹியோவிட்ட, பலாங்கொடை முதலிய வலயக் கல்விப் பணிமனைகளின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பித்துக் கேட்கலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால், அதனை எழுத்தில் பதிவது அவ்வலுவலரின் கடமை. தகவல் தருவதா இல்லையா என்னும் தீர்மானத்தை அவர் 14 வேலைநாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும்; மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இணையத்தில் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்தை அழையுங்கள்.

பெற்றோரே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு, ஒருநாட் சம்பளம் போகுமே என்று தயங்காமல் ஒருவரேனும் செல்லுங்கள். கணினி எங்கே என்று கேட்குமுன், அதனைக் கற்பிக்க ஆசிரியர் எங்கே என்று கேளுங்கள்.