மயிலுக்குப் போர்வை... மனைவிக்கு?

'மட' என்று ஆரம்பித்தாலே இன்று மடமை, மடத்தனம்தான் ஞாபகம் வரும். சங்கப் புலவர்களுக்கோ அது கொஞ்சல் சொல். ஆங்கிலத்தில் 'கேர்லிஷ்' என்கிறார்களே, கிட்டத்தட்ட அது. இளமை, மென்மை, கபடமில்லாத மனசு எல்லாம் அதில் உண்டு. மடமகள், மடமான், மடந்தை எல்லாம் இந்தக் குடும்பம்தான். வெறும் அறியாமை என்று நினைத்துவிட வேண்டாம். சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதே மடம் என்கிறார்கள் பழைய உரையாசிரியர்கள்.

திண்டுக்கல்லுக்கு மேற்கே பழனி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன், குளிரில் நடுங்குகிறது என்று மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். புறநானூறு 145-ல் பரணர் அந்த மயிலுக்குத்தான் 'மட' என்ற அடைமொழியைத் தருகிறார். ஆனால், அது மயிலைப் பாட வந்த பாட்டே அல்ல! பேகன் பிரிந்துவிட்ட மனைவி கண்ணகிக்காகப் பாடியது. 'பசித்து வரவில்லை, சுமக்கக் குடும்பமும் இல்லை. இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்த்து வை' - பரணர் கேட்ட பரிசு இவ்வளவுதான். கபிலர் உட்பட இன்னும் மூன்று புலவர்கள் அவளுக்காகப் பேகனிடம் பாடியிருக்கிறார்கள்.

கண்ணகிக்கு இந்தப் பாட்டில் கொஞ்சல் அடைமொழி எதுவும் இல்லை. துயரத்தோடு இருப்பவள், அவ்வளவுதான்.