மால் போறீங்களா? பர்ஸைத் திறக்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

மணப்பட்டு, பாகூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு லீவு நாள் என்றால் முன்பெல்லாம் பீச், பாரதி பூங்கா. இப்போது கடலூர் சாலையில் உள்ள ப்ராவிடன்ஸ் மாலும் அந்த லிஸ்ட்டில் சேர்ந்துவிட்டது. துணிக்கடை, சினிமா, சாப்பாடு என எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஏ.சி. குளிரில்! உள்ளே நுழையக் கட்டணமும் இல்லை. ஆனாலும் திரும்பும்போது பர்ஸ் காலியாகிறதே, ஏன்?

கட்டட அமைப்பே அப்படி!

முழுக்க மூடிய, குளிரூட்டப்பட்ட முதல் மாலான 'சவுத்டேல்', 1956-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். வந்த வேலையை மறந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கும் மயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பெரும்பாலான மால்களில் தியேட்டரும் ஃபுட் கோர்ட்டும் மேல் மாடியில்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் கடைகளைக் கடந்தே ஆக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* ஒரே பொருளுக்கு மாலில் ஒரு எம்.ஆர்.பி., வெளியே ஒரு எம்.ஆர்.பி. என அச்சிட 2018 ஜனவரி முதல் தடை உள்ளது. தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள்.

* கடையில் அதற்கு மேல் கேட்டால், பில்லுடன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறும் உணவகங்களுக்கு மட்டும் 2017-ல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்துள்ளது.

* வாங்க வேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் 'இன்னைக்கு விளையாட்டுக்கு இவ்வளவுதான்' என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

சுற்றிப் பார்க்கக் காசு வேண்டாம். ஆசை தீரச் சுற்றுங்கள்!