அடுத்த தெருவுக்கு அமெரிக்கா வழியாக

நைரோபி நகரின் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு விடுத்த மின்மடல் அமெரிக்கா சென்று திரும்பிய காலம் ஒன்றுண்டு. அனுப்பியவர் ஓர் இணைய நிறுவனத்தைச் சேர்ந்தவர். பெறுபவர் மற்றொன்றைச் சேர்ந்தவர். இரண்டுக்குமிடையே நேர்வழி இல்லை. ஆதலால் மடல் துணைக்கோள் ஏறி, அயல்நாட்டில் கைமாறி, மீண்டும் துணைக்கோள் வழியே இறங்கிற்று. போக்குக்கும் வரவுக்கும் டாலரில் கட்டணம். அண்டை நாடாகிய உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு எழுதினாலும் இதே சுற்றுவழிதான்.

இந்நிலையை மாற்றப் பெரும்பொருள் வேண்டியிருக்கவில்லை. 2000 நவம்பரில் கெனியாவின் தனியார் இணைய நிறுவனங்கள், தொழிலில் போட்டியாளராயினும் ஒன்றுகூடி, தத்தம் வலைகளை ஓரறையில் இருந்த ஒரு கருவியோடு இணைத்தன. பல ஊர்ப் பாதைகள் ஒரு சந்தியில் கூடுவது போன்ற ஏற்பாடு அது. உள்ளூர்ச் செய்தி உள்ளூரிலேயே கைமாறிற்று. ஆயின், வெளிநாட்டுத் தொடர்பில் தனியுரிமை பெற்றிருந்த டெல்காம் கெனியா முறையிட்டது. ஏறத்தாழ இரண்டே வாரத்தில் தொலைத்தொடர்பு ஆணையம் நிலையத்தை மூடச் செய்தது. ஏழை நாடுகளில் தொழில்நுட்பம் தேங்குவதற்குப் பொருளின்மையே காரணம் என்பார் இச்செய்தியைக் கருத வேண்டும். நிறுவனங்கள் வாதாடி உரிமம் பெற்று, 2002 பிப்ரவரியில் அதனை மீண்டும் திறந்தன. கம்பாலாவிலும் அத்தகைய நிலையம் ஒன்று அமைந்தது.

அடுத்த தடை கடல். உகாண்டாவுக்குக் கடற்கரை இல்லை. 2009 சூலையில் சீகாம் என்னும் தனியார் கடலடிக் கம்பி மொம்பாசா வழியே இயங்கத் தொடங்கியபோது, அதன் பயன் கம்பாலாவை எட்ட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தரைவழி வேண்டியிருந்தது. கெனியாவின் நிலத்தினூடே சென்ற ஒளியிழைகளே அதற்கு வழியாயின. கரையுள்ள நாட்டு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் பெருகினர்; கரையில்லா நாட்டுக்கு வழி கிடைத்தது. இதில் ஈகை ஏதுமில்லை, கொடுக்கல் வாங்கலே. நிலைத்ததற்கும் அதுவே காரணம் எனலாம்.

கடலடிக் கம்பியும் அறுவதுண்டு. 2024 மே 12இல் சீகாமும் ஈசியும் தென்னாப்பிரிக்கக் கரையருகே ஒருசேர அறுந்தன. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் இணையம் தளர்ந்தது. அத்தகைய நாளிலும் நைரோபித் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு, அந்நிலையத்தின் வழியே செல்லும் மடலுக்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை.