ஊதாத் தொப்பி யாருக்கு?

தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் சீசன் நெருங்கிவிட்டால், சேலம், நாமக்கல் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். அதிக ரன்னுக்கான ஆரஞ்சுத் தொப்பி யாருக்கு? அதிக விக்கெட்டுக்கான ஊதாத் தொப்பி யாருக்கு? டீ ஆறுவதற்குள் ஐந்தாறு பெயர்கள் வந்து விழும். பெரும்பாலும் போன வருஷப் பட்டியலில் மேலே இருந்தவர்களின் பெயர்கள்தான்.

அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பலிக்கிறது? 2022-ல் நெல்லை அணிக்காக 452 ரன் குவித்து முதலிடம் பிடித்தார் சஞ்சய் யாதவ். மறு வருஷம் அந்த இடம் 385 ரன் எடுத்த அஜிதேஷ் குருசாமிக்குப் போனது. அதே 2023-ல் 17 விக்கெட்டுடன் பந்துவீச்சில் முதலிடம் பிடித்தவர் ஷாருக் கான். கடைசி ஓவர்களில் சிக்ஸர் பறக்கவிடுபவர் என்றுதான் அவரை ஊர் அறிந்திருந்தது!

காரணம் எளிது: ஆட்டங்கள் குறைவு. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். ஒரு வாரம் சறுக்கினாலும் திறமைசாலி மீண்டு வர நாள் இருக்கிறது. இங்கே லீக் சுற்றில் ஏழே ஆட்டம். ஒரு சதம் பட்டியலைத் தலைகீழாக்கிவிடும்; ஒரு தசைப்பிடிப்பு சீசனையே முடித்துவிடும்.

அதனால் கணிக்கிறவர்கள் போன வருஷ எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். யார் தொடக்கத்தில் இறங்குகிறார்? 17-வது ஓவருக்குப் பிறகு யார் கையில் பந்து? எந்த அணி இறுதிவரை போய்க் கூடுதலாக ஆடும்? தொப்பி பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கும் பிடிபடாதவர்களை வளர்க்கிற மண் நம்முடையது. செம்மண் பொட்டலில் நடக்கும் டென்னிஸ் பால் ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். குத்தி எழும்பும் பந்தை எந்தப் பையனும் தூக்கி வெளியே அடித்துவிடுவான். காலடியில் விழும் பந்தைத்தான் தோண்டி எடுக்க முடியாது. பிழைக்க வேண்டுமென்றால் யார்க்கர் போட்டாக வேண்டும். கிரீஸில் ஒற்றைச் செருப்பை வைத்து, அதன் மேலேயே பந்தைப் போட்டுப் பழகினால் அந்த வித்தை கைக்கு வரும்.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் தேறி வந்தவர் சின்னப்பம்பட்டி நடராஜன். 2020-ல் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், அதே பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். டி20 தொடர் முடிந்ததும், தொடர் நாயகன் ஹர்திக் பாண்டியா தன் கோப்பையை நடராஜன் கையில் கொடுத்தார். எந்தக் கணிப்பிலும் இல்லாத விருது அது. அதே நடராஜனை 2025 ஐ.பி.எல்.லுக்காக டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது; ஆடியதோ இரண்டே ஆட்டம். விலையை வைத்தும் ஒன்றும் சொல்லிவிட முடியாது.

அதே சின்னப்பம்பட்டியிலிருந்து வந்தவர் பெரியசாமி. 2019 சீசன் தொடங்கும்போது அவர் பெயரை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? சேப்பாக்கம் அணிக்காக 21 விக்கெட் எடுத்து முதலிடம் பிடித்தார். திண்டுக்கல்லுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மட்டும் 15 ரன் கொடுத்து ஐந்து விக்கெட்.

இன்று வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் பெரிய மைதானம் இருக்கிறது. 2020-ல் திறக்கப்பட்ட அந்த மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. சின்னப்பம்பட்டியில் நடராஜனே அமைத்த மைதானத்தை 2023-ல் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். பொட்டலுக்கும் புல்தரைக்கும் இருந்த தூரம் குறைந்திருக்கிறது.

அடுத்த சீசனுக்குப் பட்டியல் போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் ஊதாத் தொப்பிக்கு நேரே ஒரு வரியைக் காலியாக விடுங்கள். அதில் எழுத வேண்டிய பெயருக்குரிய பையன், இந்நேரம் ஏதோ ஒரு பொட்டலில் செருப்பைக் குறிவைத்து ஓடி வந்துகொண்டிருப்பான்.