பெயரின் முதலெழுத்துகளும் வழிதவறும் அஞ்சலும்

அஞ்சலட்டை எழுதிய காலத்தில் முகவரி முழுவதையும் நாமே எழுதினோம். இன்று கணினியின் மின்னஞ்சல் செயலியில் இரண்டோர் எழுத்தைத் தட்டிய அளவிலேயே முழு முகவரியும் தானே வந்து நிற்கிறது. பத்து காவான் ஆசிரியர் ஒருவர் சக ஆசிரியருக்கு விடுக்கும் தேர்வு வினாத்தாள், இவ்வசதியாலேயே அதே பெயருடைய பெற்றோர் ஒருவரைச் சென்றடையக்கூடும். ஆதலின் இதன் இயல்பை அறிதல் நம் கடன்.

செயலி தன் நினைவில் உள்ளதையே எடுத்துத் தருகிறது. தண்டர்பேர்டு, நாம் அஞ்சல் விடுத்த முகவரிகளைத் ‘திரட்டிய முகவரிகள்’ என்னும் தனி ஏட்டில் சேர்க்கிறது. அவுட்லுக், முகவரிப் புத்தகத்தினின்று வேறான ஒரு பட்டியலைப் பேணுகிறது. ஒருமுறை பிழைபடத் தட்டிய முகவரியும் அங்கே தங்கி, மறுமுறை முன்வந்து நிற்கும்.

நம் பெயர்களில் இச்சிக்கல் மிகுதி. மலேசியத் தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்னும் குறியை அடுத்துத் தந்தை பெயரே வரும். அதை விடுத்துப் பதிந்தால் ஒரே பெயருடையோர் ஒருவர்போலத் தோன்றுவர். மேலும், லெட்சுமி என்னும் பெயரை உரோமன் எழுத்தில் பலரும் பலவாறு எழுதுகின்றனர். செயலி ஒலியை அறியாது, எழுத்தையே ஒப்பிடும். உரோமன் எழுத்தில் பதிந்த பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் அது வாராது.

தீர்வு எளிது. அவுட்லுக்கில் தவறான முகவரி தோன்றும்போது அதன் அருகிலுள்ள பெருக்கற்குறியைச் சொடுக்கினால் பட்டியலினின்று நீங்கும். தண்டர்பேர்டில் திரட்டிய முகவரிகளைத் திறந்து அப்பதிவை நீக்குதல் வேண்டும். முகவரிப் புத்தகத்தில் பழைய பதிவு இருப்பின் அதனையும் திருத்துக. இல்லையேல் மீண்டும் தோன்றும். பெயர் எதுவுமே தோன்றாவிடில், அமைப்புகளில் இவ்வசதி அணைக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. பட்டியல் முழுவதையும் அழித்தால் சரியான முகவரிகளும் மறையுமாதலின், அதனை இறுதி வழியாகவே கொள்க.

வருமுன் காத்தலும் இயலும். பெயரைப் பதியும்போதே தந்தை பெயரையும் பள்ளியையும் உடன் சேர்ப்போம். மாணவர் விவரம் கொண்ட அஞ்சலெனில், முதலில் மடலை எழுதிக் கோப்பை இணைத்து, பெறுநர் முகவரியை இறுதியில் இடுவோம். அனுப்புமுன் பெயரை மட்டுமன்றி, அதன் பின்னுள்ள முகவரியையும் முழுமையாகப் படிப்போம்.