ஒரு மைக்கறை கொலைகாரனைக் காட்டிக்கொடுக்குமா? நீதிமன்றத்தில் ரோர்ஷாக் சோதனைக்கு என்ன இடம்?

2010 அக்டோபர் 29. கோவையில் பள்ளிக்குக் கிளம்பிய 10 வயது அக்காவும் 7 வயது தம்பியும் கடத்தப்பட்டார்கள். சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அதன்பின் இருவரும் பிஏபி எனப்படும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்ட வாய்க்காலில் தள்ளிக் கொல்லப்பட்டார்கள். ஆனைமலைத் தொடரிலிருந்து இறங்கும் தண்ணீரைக் கொங்கு நாட்டு வயல்களுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் அது.

கைதான இருவரில் ஒருவர் சில நாட்களிலேயே போலீஸ் என்கவுன்டரில் இறந்தார். இன்னொருவரான மனோகரனுக்கு 2012-ல் தூக்குத் தண்டனை. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் மூன்று நீதிபதிகளில் ஒருவர் தண்டனையில் மாறுபட்டார்.

குற்றம் நடந்ததா என்பதில் மூவருக்கும் சந்தேகமே இல்லை. மனோகரன் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுத்தார். பிறகு அதை மறுத்தார். அந்த மறுப்பே அவருக்கு வருத்தம் இல்லை என்பதைக் காட்டுகிறது என்றனர் நீதிபதிகள் நாரிமனும் சூர்யகாந்தும். ஒப்புக்கொண்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும், வாழ்நாள் முழுக்கச் சிறையே போதும் என்றார் நீதிபதி சஞ்சீவ் கன்னா. அதே ஆண்டு நவம்பரில் வந்த சீராய்வு மனுத் தீர்ப்பிலும் இதே 2-1 தான்.

அதாவது, ஒரு உயிர் போவதா இருப்பதா என்பது ‘இந்த ஆள் மனசுக்குள் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வியில் வந்து நின்றது.

இந்த மாதிரி வழக்கு வரும்போதெல்லாம் டீக்கடையிலும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “ஏதாவது சைக்காலஜி டெஸ்ட் வெச்சு கண்டுபிடிக்க முடியாதாங்க?” அப்படிச் சொல்லும்போது பலருக்கும் நினைவுக்கு வருவது, சினிமாவில் பார்த்த அந்த மைக்கறை அட்டைகள். உண்மையில் அவை என்ன செய்யும்? எதைச் செய்யாது?

அது என்ன சோதனை?

இதை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக். காகிதத்தில் மையைக் கொட்டி, மடித்து, விரித்து உருவம் பார்ப்பது அந்த ஊர்ச் சிறுவர்களின் விளையாட்டு. அதையே அவர் ஹெரிசாவ் நகர மனநல மருத்துவமனையில் சோதனையாக மாற்றினார். சுமார் 400 பேரிடம் காட்டிப் பார்த்து, 1921-ல் புத்தகமாக வெளியிட்டார். மறு ஆண்டே 37 வயதில் இறந்துபோனார்.

மொத்தம் 10 அட்டைகள். ஐந்து கறுப்பு வெள்ளை, இரண்டில் கறுப்போடு சிவப்பு, மூன்றில் பல வண்ணம். “இது என்னவா இருக்கலாம்?” என்பதுதான் கேள்வி. பதில் சொல்லுக்குச் சொல் எழுதப்படும். அதன்பின் இரண்டாவது சுற்று: “எந்த இடத்தில் அப்படித் தெரியுது? எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க?”

வௌவால் என்றால் நல்லவன், ரத்தம் என்றால் கொலைகாரனா?

இல்லை. அப்படி ஒரு பட்டியலே கிடையாது. ஒருவர் என்ன பார்த்தார் என்பதைவிட, எப்படிப் பார்த்தார் என்பதற்குத்தான் கணக்கு. முழுக் கறையையும் பார்த்தாரா, ஒரு மூலையை மட்டுமா? வடிவத்தை வைத்துச் சொன்னாரா, நிறத்தை வைத்தா? அசைவு தெரிந்ததா? சொன்ன உருவம் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதா? பலரும் சொல்கிற பதிலா? ஒவ்வொன்றுக்கும் குறியீடு போட்டு, மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். 1974-ல் அமெரிக்க உளவியலாளர் ஜான் எக்ஸ்னர் இந்தக் கணக்கு முறையை ஒழுங்குபடுத்தினார்.

நாஜித் தலைவர்களிடமே போட்டுப் பார்த்தார்கள்

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நியூரம்பர்க் சிறையில் இருந்த நாஜித் தலைவர்களுக்கு இந்த அட்டைகள் காட்டப்பட்டன. ஹெர்மன் கோரிங்கும் அவர்களில் ஒருவர். பரிசோதித்தவர்கள் மனநல மருத்துவர் டக்ளஸ் கெல்லியும் உளவியலாளர் குஸ்தாவ் கில்பர்ட்டும். ஒரே கைதிகள், ஒரே கறைகள். ஆனால் கில்பர்ட் இவர்களை இயல்பு பிறழ்ந்தவர்கள் என்றார். கெல்லி, இப்படிப்பட்டவர்கள் எந்த நாட்டிலும் கிடைப்பார்கள் என்றார்.

1970-களில் உளவியலாளர் மோலி ஹாரோவர் ஒரு வேலை செய்தார். அந்த நாஜிகளின் பதில்களை மற்றவர்களின் பதில்களோடு பெயர் இல்லாமல் கலந்து நிபுணர்களிடம் கொடுத்தார். எது நாஜியுடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குற்றவியலில் இந்தச் சோதனை பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான். கறையைப் பார்த்துச் சொல்லும் பதிலில் குற்றம் எழுதியிருக்காது.

அப்படியானால் எதற்கு உதவும்?

1999-ல் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ப், நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் இந்தச் சோதனையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றே எழுதினார். ஆரோக்கியமாக இருப்பவர்களையும் நோயாளிபோலக் காட்டிவிடுகிறது என்பது பெரிய குற்றச்சாட்டு. 2013-ல் ஜோனி மிஹுரா குழுவினர் பழைய ஆய்வுகளைத் திரட்டி, சோதனையின் ஒவ்வொரு அளவுகோலையும் தனித்தனியாகப் பரிசீலித்தார்கள்.

கிடைத்த பதில் கலவையானது. ஒருவரின் பார்வையும் சிந்தனையும் நிஜத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை, அதாவது சைக்கோசிஸ் போன்ற கடுமையான சிந்தனைக் குலைவை, இது ஓரளவு நன்றாகவே காட்டுகிறது. மற்ற பல அளவுகோல்களுக்கு ஆதாரம் குறைவு அல்லது இல்லை. 2015-ல் விமர்சகர்களே இந்தச் சிந்தனைக் குலைவு தொடர்பான பகுதியை ஏற்றுக்கொண்டார்கள்.

நீதிமன்றம் கேட்கும் மூன்று கேள்விகள்

குழப்பம் வருவது எங்கே என்றால், மூன்று தனித்தனிக் கேள்விகளை நாம் ஒன்றாகக் கலக்கும்போதுதான்.

ஒன்று: அவர்தான் செய்தாரா? இதற்குச் சாட்சி, தடயம், மருத்துவ அறிக்கை வேண்டும். மைக்கறைக்கு இங்கே வேலையே இல்லை.

இரண்டு: செய்தபோது அவருக்குச் சித்த சுவாதீனம் இருந்ததா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு இதைப் பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84. சட்டம் பார்ப்பது சம்பவ நேரத்து மனநிலையை. 1964-லேயே தஹ்யாபாய் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அட்டையைக் காட்டுவதோ பல மாதம் கழித்து, சிறையிலோ மருத்துவமனையிலோ. அந்த இடைவெளியை மைக்கறை மட்டும் நிரப்பாது. பழைய சிகிச்சைச் சீட்டு, குடும்பத்தார் சாட்சியம், நேர்காணல் எல்லாம் சேர வேண்டும்.

மூன்று: குற்றம் உறுதியான பின், என்ன தண்டனை? திருந்த வாய்ப்பு இருக்கிறதா? மனோகரன் வழக்கில் நீதிபதிகள் பிரிந்தது இங்கேதான். உளவியல் மதிப்பீட்டுக்கு உண்மையில் இடம் இருப்பதும் இங்கேதான்.

எந்தக் கேள்வியானாலும், நிபுணர் சொல்வது ஒரு கருத்து மட்டுமே. பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 39-வது பிரிவு அதை ஏற்கலாம் என்கிறது; ஏற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாம்.

கட்டாயப்படுத்தி அட்டை காட்ட முடியுமா?

2010 மே 5-ல் வந்த செல்வி எதிர் கர்நாடகா தீர்ப்பு இங்கே முக்கியம். நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை மூன்றையும் சம்மதம் இல்லாமல் யார் மீதும் நடத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற 20(3)-வது பிரிவும், 21-வது பிரிவும் அதற்கு அடிப்படை.

மைக்கறைச் சோதனை அந்த மூன்றில் இல்லை. ஆனால் இதுவும் ஒருவர் வாயால் பதில் சொல்கிற சோதனைதான். அதனால் அதே வாதத்தை இங்கேயும் வைக்க இடம் இருக்கிறது. நடைமுறையிலும், வாய் திறக்காதவரிடம் இந்தச் சோதனையை நடத்தவே முடியாது.

ஆனைமலைக்காரர் என்ன பார்ப்பார்?

அதிகம் பேசப்படாத சிக்கல் இது. ‘எல்லோரும் சொல்கிற பதில்’ என்றால் யார் அந்த எல்லோரும்? எக்ஸ்னர் அட்டவணைகள் அமெரிக்கர்களின் பதில்களை வைத்துப் போடப்பட்டவை.

ஆனைமலையில் மாசாணியம்மன் மல்லாந்து படுத்த கோலத்தில் இருக்கிறாள். நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவது வழக்கம். அந்த ஊரில் வளர்ந்த ஒருவர் ஒரு கறையைப் பார்த்து, “அம்மன் படுத்திருக்கிறாளாட்டம் இருக்குதுங்க” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். உள்ளூர்க்காரருக்கு அது சாதாரணப் பதில். அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு அது விசித்திரமான பதில். தமிழில், அதுவும் கொங்குப் பேச்சில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் கொஞ்சம் தொலைந்துபோகும். ஒரு தூக்கு வழக்கில் இப்படித் தொலைவது சின்ன விஷயம் இல்லை.

சிறுவர்கள் விஷயத்தில்?

2015 சிறார் நீதிச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் கொடிய குற்றத்தில் சிக்கினால், அவரைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று சிறார் நீதி வாரியம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். உளவியலாளர் உதவியைப் பெறலாம். 2022-ல் குருகிராம் பள்ளி மாணவன் கொலை வழக்கில், இந்த மதிப்பீடு நுட்பமான வேலை, முறையான வழிகாட்டுதல் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அறிவுத்திறன் மதிப்பெண் ஒன்றை மட்டும் வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே இதில் உள்ள கவலை.

2022-க்குப் பிறகு என்ன மாறியது?

மனோகரன் வழக்கு முடிந்து மூன்று ஆண்டு கூட ஆகாத நிலையில், 2022 மே 20 அன்று மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் உச்ச நீதிமன்றம் புது வழி போட்டது. தூக்குத் தண்டனை வரக்கூடிய வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசுத் தரப்பே விசாரணை நீதிமன்றத்தில் தர வேண்டும். சீக்கிரமே எடுத்தால்தான் சம்பவ காலத்து மனநிலைக்கு நெருக்கமாக இருக்கும். சிறை நடத்தை அறிக்கையும் வேண்டும்.

அதன் விளைவு தமிழ்நாட்டிலேயே தெரிந்தது. கடலூர் மாவட்டத்தில் 2009-ல் 7 வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்ற வழக்கில் சுந்தர்ராஜனுக்கு விதிக்கப்பட்ட தூக்கை 2013-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருந்தது. 2023 மார்ச் 21-ல் அதே நீதிமன்றம் அதை 20 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. கொலை செய்தார் என்பது மாறவில்லை. தண்டனை கொடுக்கும் முன் அவருடைய பின்னணியை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் காரணம்.

என்ன கேட்க வேண்டும்?

ஒரு வழக்கில் ‘உளவியல் அறிக்கை’ என்று ஒரு தாள் வந்தால், பாதிக்கப்பட்ட குடும்பமானாலும் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பமானாலும் வக்கீல் மூலம் சில விஷயங்களைக் கேட்கலாம். சோதித்தவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா? எந்த மொழியில் நடந்தது? மைக்கறை மட்டுமா, வேறு சோதனையும் நேர்காணலும் உண்டா? ஒப்பிட்டது எந்த ஊர்க்காரர்களோடு? அவர் சொன்ன பதில்களின் மூலப் பதிவு எங்கே?

முடிவு வரி மட்டும் இருந்து, பதில்களின் பதிவு இல்லையென்றால், அந்த அறிக்கையைக் குறுக்கு விசாரணையில் சோதிக்க வழியே இல்லை.